முன்பணம் கொடுக்குமுன்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்" என்று முன்னோர் சொல்லி வைத்தனர். கட்டிய வீட்டை விலைக்கு வாங்குவோர் அந்நாளில் அரிது போலும். வாங்கிப் பார் என்று எவரும் சொல்லவில்லை. ஆயினும் கட்டுவதைவிட வாங்குவதில்தான் கண் அகலத் திறந்திருக்க வேண்டும். கட்டுகிறவர் தம் வீட்டின் அடித்தளத்தை அறிவார்; வாங்குகிறவரோ வண்ணம் பூசிய சுவரை மட்டுமே காண்கிறார்.

மருமகள் தேடும்போது மூன்று தலைமுறையை விசாரிக்கும் குடும்பங்கள், ஆயுட்காலச் சேமிப்பு முழுவதையும் கொட்டி வாங்கும் வீட்டை ஒரு ஞாயிறு மாலை அரைமணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, தரகரின் அவசரத்திற்கு இணங்கி முன்பணம் கொடுத்துவிடுகின்றன. வீடு மந்திரிக்கப் பங்குத்தந்தையிடம் நாள் கேட்டபின் பத்திரத்தை வழக்கறிஞரிடம் கொண்டு செல்வோரும் உளர்! பணம் கைமாறிய பின்னர் குறை கண்ணில் படுவதில்லை. பட்டாலும் மனம் அதற்கொரு சமாதானத்தைத் தேடிக்கொள்கிறது.

சித்திரை வெயிலில் எந்தத் தெருவும் அழகாகவே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குடை பிடித்துக்கொண்டு ஒருமுறை சென்று பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வீடுகளுக்குள் நீர் புகுந்ததை நாம் மறந்துவிடவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கச் சுருங்க, அங்கே தங்கவேண்டிய நீர் குடியிருப்புகளில் தங்கலாயிற்று. எஞ்சிய சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மனைகளாகிவிட்ட பகுதியோ மனைகளாகவே இருக்கிறது.

மழைக்காலம்வரை காத்திருக்க இயலாதவர் ஊர்ப்பெயரையும் தெருப்பெயரையும் கவனிக்கட்டும். தாங்கல், ஏந்தல், கண்மாய், ஊருணி என்னும் பெயர்கள் வெறும் அலங்காரத்திற்கு வைக்கப்பட்டவை அல்ல. தாங்கலும் ஏந்தலும் மழைநீரைத் தாங்கியும் ஏந்தியும் நின்ற சிறு ஏரிகள். சுவரின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் புது வண்ணம் பூசியிருந்தால் காரணம் கேளுங்கள். எதிர்வீட்டு அம்மையாரிடம், "சென்ற மழையில் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று விசாரித்தால், தரகர் ஒரு மாதத்தில் சொல்லாததை அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். கிணற்று நீரோ ஆழ்குழாய் நீரோ, ஒரு பாத்திரத்தில் வாங்கி வந்து பருப்பு வேகவைத்துப் பாருங்கள். கடின நீரில் பருப்பு எளிதில் வேகாது. இச்சோதனையை இல்லத்தரசியிடம் விட்டுவிடுவதே நன்று. பகல் முழுவதும் அவ்வீட்டில் இருக்கப்போகிறவர் பெரும்பாலும் அவரே. ஆனால் வீடு முடிவான பிறகுதான் பல இல்லங்களில் அவரை அழைத்துச் சென்று காட்டுகிறார்கள்.

இனி பத்திரங்கள். வில்லங்கச் சான்று சுத்தமாயிருந்தால் போதுமென்று பலரும் எண்ணுகின்றனர். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானவற்றை மட்டுமே அது சொல்லும். விற்பவரின் தந்தை எழுதி வைத்த உயிலையோ, பதிவாகாத வாய்மொழிப் பாகப்பிரிவினையையோ அது அறியாது. ஆகவே மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை சொத்து கைமாறிய வரலாறு எங்கும் அறுபடாமல் வருகிறதா என்று பார்க்கவேண்டும். பட்டா யார் பெயரில் உள்ளது, நிலம் நீர்நிலைப் புறம்போக்கா என்பவற்றையும் பார்க்கவேண்டும். வெறும் அதிகாரப் பத்திரத்தின் மூலம் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாக்கிவிட்டது.

ஆனால் நம் குடும்பங்கள் மிகுதியும் இடறுவது வாரிசுரிமையில்தான். தகப்பனார் உயில் எழுதாமல் இறந்திருப்பார். ஆண்மக்கள் இருவர் சேர்ந்து வீட்டை விற்கின்றனர். "அக்காவுக்குக் கல்யாணத்திலேயே நகை போட்டு எல்லாம் செய்துவிட்டோம்" என்கின்றனர். சட்டம் அதை ஏற்பதில்லை. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி இறந்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. எஞ்சிய இரு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற வேறுபாடு அதில் இல்லை. பழைய திருவிதாங்கூரின் 1916-ஆம் ஆண்டுச் சட்டமோ மகளுக்கு மகனின் பங்கில் கால்பங்கு அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதையே அளித்தது. அச்சட்டம் இனிச் செல்லாது என்று மேரி ராய் வழக்கில் 1986-இல் தீர்ப்பாயிற்று.

எனவே தாயாரும் சகோதரிகள் அனைவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். அல்லது பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்கவேண்டும். தூர ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் ஒரு சகோதரி பத்தாண்டு கழித்துத் தம் பங்கைக் கேட்டால், குற்றம் அவருடையதன்று. அவரைக் கேளாமல் விற்றவரும், விசாரியாமல் வாங்கியவருமே அதற்குப் பொறுப்பு. "அவரிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம், நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்று விற்பவர் சொன்னால், அன்றைக்கு முன்பணம் கொடாதீர்கள். சகோதரியை நேரில் கண்டு பேசிய பிறகு மேற்கொண்டு பேசலாம்.

பேசிய விலையோடு செலவு முடிவதில்லை. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் திருத்தியபடி, கிரயத்திற்கு முத்திரைத்தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2. இதை மறந்து, கடைசி வாரத்தில் மனைவியின் நகையை அடகு வைக்க ஓடுகிறவர்கள் பலர்.

எல்லாம் சரியாயிருந்து முன்பணம் கொடுக்கும்போது, ஒப்பந்தத்தை எழுத்தில் எழுதிப் பதிவு செய்யுங்கள். உரிமையில் குறை தெரியவந்தால் முன்பணம் முழுவதும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தரப்படும் என்ற ஒரு வரியை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். நேர்மையான விற்பனையாளர் அதற்குத் தயங்கமாட்டார்.