வீட்டில் ஒரு பச்சைத் தொட்டி: செலவு குறைந்த மீன் வளர்ப்பு



கல்லா மேசைக்குப் பக்கத்திலோ வீட்டுக் கூடத்திலோ ஒரு மீன் தொட்டி வைக்க வேண்டும் என்கிற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. வாஸ்துவுக்கு நல்லது என்று சிலர் வாங்குகிறோம். பிள்ளைகள் கேட்டார்கள் என்று சிலர் வாங்குகிறோம். ஆனால் வாங்கி வைத்த தொட்டிகளில் எத்தனை ஓராண்டைத் தாண்டின என்பதை நம் கடைவீதியில் ஒரு நடை நடந்து பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். முதல் வாரத்திலேயே இரண்டு மீன் மிதக்கும். புது மீன் வாங்கி விடுவோம்; அதுவும் மிதக்கும். மூன்றாவது மாதம் தொட்டி மாடிப்படிக்கு அடியில் பழைய தராசோடு போய்ச் சேரும். "நமக்கு மீன் ராசியில்லை" என்று சொல்லி முடித்துவிடுவோம்.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தொட்டியின் வரவு செலவுக் கணக்கு நேராகவில்லை, அவ்வளவுதான். கணக்கு நமக்குத் தெரியாததல்ல. ஆகவே மோட்டார், சிலிண்டர், ஹீட்டர் எதுவும் இல்லாமல், மண்ணையும் செடியையும் நம்பி நடக்கும் தொட்டியை அமைப்பது எப்படி என்று இங்கே சொல்லுகிறோம்.

தொட்டியின் பற்று வரவு

மீன் தின்கிற தீனியில் ஒரு பகுதி கழிவாகத் தண்ணீரில் சேருகிறது. தின்னாமல் விட்ட தீனியும் அழுகுகிறது. இரண்டிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. இது மீனுக்கு விஷம். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் தண்ணீரிலும் இது இருக்கும், பார்வைக்குத் தெரியாது.

இயற்கையில் ஒரு வகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் விஷம்தான். இன்னொரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டால் கெடுதல் மிகக் குறைவு. இந்த நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். தொட்டி வாங்கிய அன்றே பத்து மீனை விட்டால் முதல் வாரத்தில் அவை மிதப்பதன் காரணம் இதுதான். சரக்கை இறக்கிவிட்டோம், ஆனால் அதைத் தள்ள ஆள் இல்லை.

செடி இருந்தால் நிலைமை மாறுகிறது. நீர்ச்செடிகள் அம்மோனியாவை நேரடியாகவே உரமாக எடுத்துக்கொள்ளுகின்றன. நைட்ரேட்டைக் காட்டிலும் பல நீர்ச்செடிகள் அதைத்தான் முதலில் எடுக்கும். மீனின் கழிவு செடிக்கு வரவு. வளர்ந்த செடியை நாம் வெட்டி எடுக்கும்போது கழிவும் தொட்டியைவிட்டு வெளியேறுகிறது. பகலில் வெளிச்சத்தில் செடி பிராணவாயுவையும் கொடுக்கிறது.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல

லண்டனில் மருந்து வணிகர் சங்கத்தில் வேதியியலராக இருந்த ராபர்ட் வாரிங்டன் இதைச் சோதித்து 1850-ல் எழுதினார். இரண்டு சிறிய தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டார். செடியின் பழுத்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. பிறகு குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகியதைத் தின்று தீர்த்தன, தண்ணீர் தெளிந்தது. மீன், செடி, நத்தை என்ற மூவர் கூட்டு நிலைபெற்றது. 1999-ல் அமெரிக்காவைச் சேர்ந்த டயானா வால்ஸ்டாட் என்ற அம்மையார், சாதாரணத் தோட்டத்து மண்ணை அடியில் இட்டுச் செடி வளர்க்கும் முறையை ஒரு நூலாக விளக்கினார். நாம் கீழே சொல்லுவது பெரும்பாலும் அந்த வழிதான்.

தொட்டியும் இடமும்

மேசைமேல் வைக்கும் உருண்டைக் கிண்ணம் வேண்டாம். தண்ணீர் குறைவாக இருந்தால் கணக்கு சீக்கிரம் புரண்டுவிடும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி ஆரம்பிப்பவர்களுக்குப் பொருத்தம். ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர், மண், கல், கண்ணாடி எல்லாம் சேர்த்து 75 கிலோவை எட்டும். அதாவது 25 கிலோ அரிசிச் சிப்பம் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் தாங்குகிற மேசையாக இருக்க வேண்டும். மேசை மட்டமாக இருக்கட்டும். தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மாகோல் பலகை போடுங்கள். வாங்கியவுடன் வெளியில் வைத்துத் தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் முழுவதும் கசிவு உண்டா என்று பாருங்கள்.

மேற்கு வெயில் நேராக விழும் சன்னல் ஓரம் ஆகாது. கோடையில் தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைந்துபோகும். மின் பிளக் தொட்டிக்கு நேர் கீழே இருக்கக்கூடாது. ஒயர் பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கி மேலேறும்படி விட்டால், வழிந்து வரும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும்.

மண், மணல், செடி

உரமோ சாணமோ பூச்சி மருந்தோ படாத தோட்டத்து மண்ணைச் சலித்துக் குச்சி, வேர் நீக்கி ஒரு அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். அதன்மேல் 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவுள்ள கழுவிய கூழாங்கல் மணல் ஒரு அங்குலம். இந்த மூடாக்கு இல்லாவிட்டால் மண் கலங்கிக்கொண்டே இருக்கும். கல்லில் சுண்ணாம்பு உண்டா என்று பார்க்க நம் கடையிலேயே சாமான் இருக்கிறது: சில கற்களின்மேல் வினிகர் விடுங்கள். நுரைத்தால் அந்தக் கல் தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும், தள்ளிவிடுங்கள். கிளிஞ்சல், சங்கு வேண்டாம் என்பதும் அதனால்தான்.

செடியில் கஞ்சத்தனம் கூடாது. மீனில் சிக்கனம், செடியில் தாராளம் என்பது விதி. முதல் நாளிலேயே தரையில் முக்கால் பாகம் செடி இருக்க வேண்டும். நம் ஏரி குளங்களில் பாசி என்றே சொல்லப்படும் ஹைட்ரில்லா, நீண்ட நாடா போன்ற வாலிஸ்னேரியா ஆகியவை வேகமாக வளரும். முதல் மாதத்தில் கழிவை வாங்கிக்கொள்ளுபவை இவைதான். கிரிப்டோகோரைன் வகைகளில் சில இலங்கையைத் தாயகமாகக் கொண்டவை. குறைந்த வெளிச்சமே போதும். நட்டவுடன் இலை கரைந்துபோனால் பிடுங்கி எறியாதீர்கள். வேர் இருந்தால் மறுபடி துளிர்க்கும். ஜாவா பெர்னின் தண்டை மண்ணில் புதைத்தால் அழுகும். ஒரு கல்லில் நூலால் கட்டிவிட வேண்டும். குளத்திலிருந்து எடுத்துவந்த செடியானால் நன்றாக அலசி, படிகாரத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து, மறுபடி கழுவி நடுங்கள்.

நான்கு அங்குலத் தண்ணீரில் நடவு செய்து, பிறகு கல்லின்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்துப் பயன்படுத்த வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் சற்று உப்பாக இருந்தாலும் கப்பி, மோலி தாங்கும். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். செடிக்கும் மீனுக்கும் வேண்டிய தாதுக்களை அது வடிகட்டிவிடுகிறது.

வெளிச்சம்

9 வாட் வெள்ளை எல்.இ.டி. பல்பு ஒன்று தொட்டிக்கு மேல் இருந்தால் போதும். தினம் 8 மணி நேரம் எரித்தால் மாதம் 2 யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். காலையில் 4 மணி நேரம், நடுவில் இடைவேளை, மாலையில் 4 மணி நேரம் என்று பிரிப்பது இன்னும் நல்லது. அந்த இடைவேளையில் தண்ணீரில் கரியமிலவாயு மறுபடி சேருகிறது. செடி மாலையில் அதை எடுத்துக்கொள்ளும். கண்ணாடியில் பச்சை படிந்தால் வெளிச்சமோ தீனியோ அதிகம் என்று அர்த்தம். மருந்து ஊற்றாமல் இரண்டையும் குறையுங்கள்.

எந்த மீன், எத்தனை மீன்

செடி நட்டு இரண்டு வாரம் கழித்து, புதுத் துளிர் வந்ததைப் பார்த்த பிறகு மூன்று மீன் விடுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னும் மூன்று. 50 லிட்டர் தொட்டிக்கு ஆறு முதல் எட்டுச் சிறு மீன் போதும். கப்பியானால் ஆண் மீன்களாக மட்டும் வாங்குங்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்தால் மாதம் ஒரு முறை குட்டி போட்டுத் தொட்டி நிறைந்துவிடும். இந்திய ஆறுகளுக்கே உரிய ஜீப்ரா மீனும் நல்லது. தங்கமீன் பெரிதாக வளரும், கழிவும் அதிகம், செடியையும் பிடுங்கும். கடைகளில் விரும்பி வைக்கும் பிளவர்ஹார்ன் மண்ணையே தோண்டிப் போடும். இவை இந்த முறைக்கு ஆகாதவை.

சென்னை கொளத்தூர் போன்ற வண்ண மீன் சந்தைகளில் வாங்கிவந்தால் பையை அப்படியே கவிழ்க்காதீர்கள். கால் மணி நேரம் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பையில் கலந்து, பிறகு வலையால் மீனை மட்டும் எடுத்து விட வேண்டும்.

தீனி நாளுக்கு ஒரு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. கோயில் குளத்துப் பழக்கத்தில் பொரி, ரொட்டி, சோறு போடுகிறோம். தொட்டியில் அது அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். மே 5 வணிகர் தின மாநாட்டுக்குக் கடையை அடைத்துவிட்டுப் போகும் இரண்டு மூன்று நாளில் வளர்ந்த மீன் பட்டினியால் சாகாது. "மீன் பசிக்குமே" என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனால்தான் ஆபத்து.

நம் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது

நம்மைப் போன்றவர்கள் வீட்டில் மீன் சாவதற்குத் தனியாக ஒரு காரணம் உண்டு: பூச்சி மருந்து. கொசு விரட்டும் திரவம், சுருள், கரப்பான் ஸ்பிரே ஆகியவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதனுக்குச் சிறு அளவில் தாங்கினாலும் மீனுக்குக் கொடிய விஷம். அந்த அறையில் தொட்டி வைக்காதீர்கள். கிட்டங்கியில் சரக்குக்குப் புகை மாத்திரை வைக்கும் பழக்கம் உள்ளவர்கள், அதை ஒட்டித் தொட்டியும் வைக்கக் கூடாது, ஆளும் படுக்கக் கூடாது. அலுமினியம் பாஸ்பைடு புகை மனித உயிரையே வாங்கும். சோப்பு, மிளகாய்த்தூள் பட்ட கையைத் தொட்டியில் விடாமல் வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.

வாராந்திர வேலை

முதல் மாதம் வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புது மண்ணிலிருந்து இறங்கும் கழிவு இதில் போய்விடும். பிறகு மாதம் ஒரு முறை போதும். வற்றுகிற தண்ணீரை மட்டும் நிரப்பிக்கொண்டிருந்தால் உப்பு சேர்ந்துகொண்டே போகும்; ஆகவே மாற்றுவதை அடியோடு விட்டுவிடக் கூடாது. தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவுவது மட்டும் வேண்டாம். நுண்ணுயிர் இருப்பு முழுவதும் போய், மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டி வரும்.

இரவில் செடியும் பிராணவாயுவைச் செலவழிக்கிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்தால் அது எச்சரிக்கை. கால் பங்கு தண்ணீர் மாற்றி, மீன் எண்ணிக்கையைக் குறையுங்கள். மண்ணிலிருந்து குமிழி வந்து அழுகிய முட்டை வாடை அடித்தால் மெல்லிய குச்சியால் ஆங்காங்கே மண்ணைக் குத்திவிடுங்கள்; வேர் பரவிய பிறகு இது நின்றுவிடும்.

மின்வெட்டு வந்தால் மோட்டார் ஓடும் நெருக்கடியான தொட்டியில் மீன் திணறும். மீன் குறைந்து செடி நிறைந்த தொட்டி சில மணி நேரம் தானாகத் தாக்குப்பிடிக்கும். செலவில்லாத முறையில் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான்.

கடைசியாக ஒன்று. வெட்டிய செடியையும் வேண்டாத மீனையும் ஏரியிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். தொட்டி சுத்தம் செய்யும் மீன் என்று விற்கப்பட்ட தென் அமெரிக்கக் கெளுத்தி அப்படி விடப்பட்டுத்தான் நம் நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வெட்டிய செடியை அடுத்த கடைக்காரருக்குக் கொடுங்கள். அவர் தொட்டி தொடங்கும்போது கொள்முதல் செலவு மிச்சம். நட்ட செடி பிழைக்கிற விதத்தையும் உங்களிடமே கேட்டுக்கொள்ளுவார்.