கல்லுக்குள் குண்டு, கோட்டைக்குள் பீரங்கி! தெரியுமா?

துப்பாக்கிக் குண்டு செய்யத் தொழிற்சாலை வேண்டுமா? அந்தக் காலத்தில் ஒரு விறகடுப்பும் இரண்டு துண்டு மாக்கல்லும் போதும்! காரீயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். இரண்டு கல்லிலும் அரைக்கோளக் குழி குடைந்து, பொருத்திக் கட்டி, மேல்துளை வழியே ஊற்றினால், ஆறியதும் உருண்டைக் குண்டு ரெடி!

ஏன் மாக்கல்? புளிக்குழம்பு கொதிக்கிற கல்சட்டியும் அதே கல்தான்! முகப்பவுடரில் இருக்கும் டால்க் இதில் நிறைய இருப்பதால் கத்தியாலேயே செதுக்கலாம். சூட்டில் லேசில் விரிசலும் விடாது.

‘12 போர்’ துப்பாக்கி கேள்விப்பட்டிருப்பீர்கள். 12 என்ன கணக்கு? ஒரு பவுண்டு காரீயத்தில் 12 உருண்டை வார்த்தால், அதில் ஒன்றின் அகலம்தான் அந்தக் குழாயின் அகலம்!

அச்சே இல்லாமலும் குண்டு வார்த்தார் ஒருவர்! 1782-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வில்லியம் வாட்ஸ், உருகிய காரீயத்தைச் சல்லடை வழியே உயரத்திலிருந்து தண்ணீரில் விழவிட்டார். விழும்போதே துளிகள் உருண்டையாகிவிட்டன!

குண்டுக்கு அடுப்பு போதும். பீரங்கிக்கு? அதற்கென்றே வார்ப்பாலை இருந்தது, தக்கலை அருகே புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள்! நடத்தியவர் யார் தெரியுமா? 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய்! திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா அவரைச் சிறையிலேயே வைத்திருக்கவில்லை. தன் படைக்கே பயிற்சி கொடுக்கச் சொன்னார். எதிரியாக வந்தவர், திருவிதாங்கூரின் ‘வலிய கப்பித்தான்’ (பெரிய கேப்டன்) ஆனார்!

அங்கே வார்த்த வெண்கலப் பீரங்கி ஒன்றின் நீளம் 16 அடி! 1,000 ஆட்களும் 16 யானைகளும் சேர்ந்து இழுத்தும் சில கஜம்கூட நகரவில்லை என்கிறது பழைய பதிவு!

டிலனாயோடு பழகிய அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை, 1745-இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் திருவிதாங்கூர் வீரர்களின் துப்பாக்கிக்கே பலியானார். 2022-இல் வாட்டிகன் அவரைப் புனிதராக அறிவித்தது!

1777-இல் இறந்த டிலனாயின் கல்லறை கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. அதில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறார்கள்! அடுத்த முறை பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால், பக்கத்திலேயே இருக்கும் இந்தக் கோட்டையையும் எட்டிப் பாருங்கள்!