தம் குழுவுக்கு எதிராகக் கட்டிய பணம்

சென்ற திங்களில் ஒரு மாலை, சங்கத்து வாசிப்பறையில் பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். நம் உறுப்பினராகிய பெரியவர் ஒருவர் மடித்த தாள் ஒன்றை எடுத்து நம் முன் வைத்தார். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் பணிபுரியும் அவருடைய தங்கை மகன் 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அனுப்பிய மின்னஞ்சல் அது. பெரியவர் அச்சிட்டுப் பெட்டியில் வைத்திருந்திருக்கிறார். “படித்துப் பாருங்கள். பையன் ஒரு கேள்வி கேட்டிருந்தான். அன்று நான் சரியாகப் பதில் எழுதவில்லை. நம் பத்திரிகையில் எழுதினால் மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படும்” என்றார்.

கடிதத்தின் சாரம் இதுதான். அவ்விளைஞர் டெட்ராயிட் நகரத்துத் தொழில்முறைக் கூடைப்பந்துக் குழுவாகிய பிஸ்டன்ஸின் பக்தர். அக்குழுவோ அப்போது தோல்விமேல் தோல்வி கண்டுகொண்டிருந்தது. மனம் வெதும்பிய அவர் ஒரு யுக்தி செய்தார். தம் குழு தோற்கும் என்றே பணம் கட்டத் தொடங்கினார். “குழு வென்றால் எனக்கு மகிழ்ச்சி, தோற்றால் கையில் பணம். எப்படியும் எனக்கு நட்டமில்லை. இதில் என்ன தவறு, மாமா?” என்பது அவருடைய கேள்வி.

கேட்டவுடன் நியாயமாகத்தான் படுகிறது. பயிர் பொய்த்தால் ஈடு கிடைக்க வேண்டும் என்று காப்புறுதி செய்துகொள்கிற உழவனை யாரும் குறை கூறுவதில்லை. ஆயினும், வேறு நாட்டின் ஓர் ஆட்டத்தைப் பற்றிய இந்தச் சிறு கேள்விக்குள் நுழைந்து பார்த்தபோது, நாம் எதிர்பாராத செய்திகள் பல கிடைத்தன.

கூடைப்பந்து நமக்கு அந்நியமான விளையாட்டன்று. 1891-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் குளிர்காலத்தில் மாணவர்கள் கூரைக்குள் ஆடுவதற்காக வகுத்தது. நம் சென்னையிலும் 1920-இல் ஹாரி க்ரோ பக் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த ஆசிரியர்கள் பல பள்ளிகளில் பணியாற்றினார்கள். நேயர்களில் சிலர் அவர்களிடம் பயின்றிருக்கவும் கூடும். ஆனால் அமெரிக்காவில் அது பெருந்தொழில். அங்குள்ள தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் முப்பது குழுக்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள் ஆடும்.

டெட்ராயிட் பிஸ்டன்ஸ் எளிய குழுவன்று. 1989, 1990, 2004 ஆகிய மூன்று ஆண்டுகளில் வாகை சூடிய குழு. 2023-ஆம் ஆண்டு கோடையில் மான்ட்டி வில்லியம்ஸ் என்னும் பயிற்சியாளரை ஆறாண்டுகளுக்கு ஏறத்தாழ எட்டுக்கோடி டாலர் ஒப்பந்தத்தில் அமர்த்தினார்கள். பருவம் தொடங்கி முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டில் வெற்றி. நகரத்தார் மகிழ்ந்தார்கள். அப்பால் அக்டோபர் 30-ஆம் நாள் ஒரு தோல்வி. அதற்கடுத்த ஆட்டமும் தோல்வி. நவம்பர் முழுதும் ஒரு வெற்றியில்லை. டிசம்பர் 26-ஆம் நாள் புரூக்ளின் குழுவிடம் 118-க்கு 112 என்று தோற்றபோது அது தொடர்ந்து இருபத்தேழாவது தோல்வி. ஒரே பருவத்தில் அத்தனை தொடர்தோல்வியை அச்சங்கத்தின் வரலாற்றில் எக்குழுவும் அதுவரை கண்டதில்லை. அன்று கேட் கன்னிங்ஹம் என்னும் இளம் வீரர் ஒருவர் மட்டுமே 41 புள்ளிகள் எடுத்தார், எடுத்தும் என்ன?

இருநாள் கழித்து பாஸ்டன் நகரில் ஆட்டம். பாஸ்டன் குழு அப்பருவத்தில் தன் சொந்த அரங்கில் அதுவரை தோற்றதே இல்லை. டெட்ராயிட் இடைவேளையின்போது 66-க்கு 47 என்று முன்னணியில் நின்றது! கடைசியில் சமநிலையாகி, கூடுதல் நேரம் ஆடி, 128-க்கு 122 என்று தோற்றது. இருபத்தெட்டாவது தோல்வி.

இந்த பாஸ்டன் ஆட்டத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இனி, பந்தயம் கட்டும் முறையைச் சற்று விளக்க வேண்டும்.

கிண்டிக் குதிரைப் பந்தயத்தைக் கண்டவர்க்குப் புக்கி என்னும் சொல் புதிதன்று. எந்தக் குழு தோற்கும் என்பது தெருவில் போகிற சிறுவனுக்கும் தெரிந்திருக்கையில், அதைப் புக்கி அறியாமலா இருப்பான்? எனவே வலிய குழு வெல்லும் என்று கட்டுகிறவருக்கு அற்பத் தொகையே தருவான். நூறு டாலர் இலாபம் காண ஆயிரம் டாலரோ அதற்கு மேலோ கட்ட வேண்டிவரும். இன்னொரு முறை புள்ளி இடைவெளி என்பது. 1940-களில் சிகாகோவில் வாழ்ந்த சார்ல்ஸ் மெக்நீல் என்பவர் இதைக் கண்டவர் என்று பொதுவாகச் சொல்வர். வலிய குழு வென்றால் மட்டும் போதாது. குறித்த புள்ளிகளுக்கு மேல் வேறுபாடு காட்டி வெல்ல வேண்டும். வேறுபாடு பத்து என்று வைத்திருந்தால், ஆறு புள்ளியில் வென்ற பாஸ்டன் மேல் கட்டியவருக்குப் பணம் போயிற்று. அதாவது, நம் இளைஞரைப் போன்ற ஒருவர் அன்று டெட்ராயிட்டுக்கு எதிராக இம்முறையில் கட்டியிருந்தால், அவருடைய குழுவும் தோற்றிருக்கும், பணமும் தோற்றிருக்கும். “எப்படியும் நட்டமில்லை” என்ற கணக்கு அங்கேயே உடைந்துபோகிறது.

புக்கியின் கூலி வேறு இருக்கிறது. புள்ளி இடைவெளி முறையில், நூறு டாலர் இலாபம் பெற 110 டாலர் கட்ட வேண்டுமென்பது அங்கு வழக்கம். இருபது முறை கட்டிப் பத்தில் வென்று பத்தில் தோற்றால், வந்தது 1000, போனது 1100. சரிபாதி சரியாகச் சொன்ன கெட்டிக்காரனுக்கும் கையிலிருந்து நூறு டாலர் போய்விடுகிறது. இருபத்தொன்றில் பதினொன்று வென்றால்தான் போட்ட பணம் திரும்பும்.

“இருபத்தெட்டு ஆட்டமும் எதிராகக் கட்டியிருந்தால் நல்ல இலாபம் வந்திருக்குமே” என்று ஒருவர் கேட்கலாம். உண்மை, வந்திருக்கும். ஆனால் தொடக்கத்தில், குழு மூன்றில் இரண்டு வென்று நின்ற அந்த அக்டோபர் மாதத்தில், எதிராகக் கட்ட யாருக்குத் தோன்றும்? இருபது தோல்விக்குப் பின்னர்தான் தோன்றும். அதற்குள் விலை ஏறிவிடுகிறது. தொடர் என்றைக்கு முடியும் என்பதும் எவருக்கும் தெரிவதில்லை. தொடர் நீள நீள, கட்டுகிற தொகையும் பெரிதாகும். ஆதலால் முடிகிற அன்றைக்குத்தான் மிகப் பெரிய தொகை மேசைமேல் இருக்கும்.

நம் இளைஞருக்கு நேர்ந்ததும் இதுவே. 2023 டிசம்பர் 30-ஆம் நாள், சனிக்கிழமை. டொரொண்டோ குழு டெட்ராயிட்டுக்கு வந்திருந்தது. நண்பர்களுடன் அரங்கிற்குச் சென்றிருந்த அவர், டொரொண்டோவே வெல்லும் என்று கைப்பேசி வழியாக முந்நூறு டாலர் கட்டியிருந்தார். அதற்குமுன் அவர் கட்டியதெல்லாம் இருபதும் முப்பதும்தாம். அன்று டெட்ராயிட் 129-க்கு 127 என்று வென்றுவிட்டது. கன்னிங்ஹம் 30 புள்ளிகள் எடுத்தார். கடிதத்தில் அவர் எழுதியிருந்ததை நம் நடையில் தருகிறோம்: கடைசி நிமிடங்களில் அரங்கமே எழுந்து நின்றது. அருகிலிருந்த முதியவர் ஒருவர் அழுதுகொண்டிருந்தார். நண்பன் தோளைப் பிடித்துக் குலுக்கினான். இவரும் கைதட்டினார், ஆனால் அதற்குச் சற்று முன்பு டொரொண்டோ ஆட்டக்காரர் ஒருவர் கூடைக்குள் பந்தைப் போட்டபோது, “அப்பாடா” என்று தம் வாய் முணுமுணுத்ததைத் தாமே கேட்டுவிட்டாராம். இரண்டு மாதம் காத்திருந்த வெற்றி வந்த இரவில் வீடு திரும்பும் வழியெல்லாம் முந்நூறு டாலரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாராம்.

குழு வென்றால் மகிழ்ச்சி என்பதுதான் அவர் போட்ட கணக்கின் பாதி. அந்தப் பாதிதான் வந்து சேரவில்லை.

இதனை அறிவியலார் ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது நமக்கு வியப்பளித்தது. பாஸ்டன் பல்கலைக்கழகத்துக் கேரி மோர்வெட்ஜ் என்பவரும் இருவர் உடனாய்வாளரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. விளையாட்டு ரசிகர்களிடம், அவரவர் குழு தோற்றால் ஐந்து டாலர் கிடைக்கும்படியான பந்தயம் ஒன்றை இலவசமாகவே கொடுத்துப் பார்த்தார்கள். கைப்பணம் ஒரு காசும் போட வேண்டியதில்லை. அப்படியிருந்தும் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். தம் குழு வெல்லும் என்ற குருட்டு நம்பிக்கை இதற்குக் காரணமன்று. எதிராகக் கட்டினால் தாம் அந்தக் குழுவின் அன்பர் என்பதே பொய்யாகிவிடும் என்ற உணர்வே காரணம் என்பது அவர்கள் கண்ட முடிவு. பொருளியல் கணக்கில் இது மடமை. நமக்கு அப்படித் தோன்றவில்லை. சூதில் எல்லாவற்றையும் இழந்த தருமன்கூடத் தம்பியரைப் பணயமாக வைத்தானே தவிர, தம்பியர் தோற்பர் என்று பணயம் வைக்கவில்லை!

பார்வையாளன் செய்வது இருக்கட்டும், ஆட்டக்காரனே செய்தால்? புள்ளி இடைவெளி முறை வந்த பிறகு ஒரு புதிய தீமை பிறந்தது. தோற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, குறைந்த வேறுபாட்டில் வென்றாலே சூதாடிக்குப் பணம் கிடைக்கும். 1950-இல் கல்லூரிகளுக்கான இரு பெரும் போட்டிகளையும் ஒருசேர வென்று புகழ்பெற்ற நியூயார்க் சிட்டி காலேஜ் குழுவின் மாணவர்கள் சிலர், இவ்வாறு புள்ளி குறைத்ததற்காக 1951-இல் கைது செய்யப்பட்டனர்.

டெட்ராயிட் குழுவின் பழைய வரலாற்றிலேயே இதற்கொரு கதை உண்டு. 1957-இல் டெட்ராயிட்டுக்குக் குடிபெயருமுன் அக்குழு இந்தியானா மாநிலத்துப் போர்ட் வேன் நகரில் இருந்தது. எந்திரங்களுக்குப் பிஸ்டன் செய்யும் தொழிற்சாலை உரிமையாளர் நடத்தியதால் வந்த பெயர்தான் பிஸ்டன்ஸ். ஜாக் மோலினாஸ் என்னும் வீரர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர், அங்கு முதற்பருவத்திலேயே பெயரெடுத்தார். 1954 ஜனவரியில் அவரை விலக்கிவிட்டார்கள். குற்றம்: பந்தயம் கட்டியது. தம் குழு வெல்லும் என்றுதான் கட்டினேன் என்றார், அதுவும் ஏற்கப்படவில்லை. நீதிமன்றம் சென்றார், 1961-இல் அங்கும் தோற்றார். பின்னர் மாணவ வீரர்களுக்குப் பணம் கொடுத்து ஆட்டங்களைக் கெடுத்த குற்றத்துக்காகச் சிறை சென்று, 1975-இல் கொலையுண்டு மாண்டார். நம் காலத்திலும் ஜான்டே போர்ட்டர் என்னும் டொரொண்டோ வீரரை 2024 ஏப்ரலில் வாழ்நாள் முழுதும் விலக்கினார்கள். தம் உடல்நிலை பற்றிய செய்தியைச் சூதாடிக்குச் சொன்னதும், தாம் ஆடாத ஆட்டத்தில் தம் குழு தோற்கும் என்று கட்டியதும் அவர்மேல் மெய்ப்பிக்கப்பட்ட குற்றங்களுள் அடங்கும்.

ஆட்டக்காரர்க்கு வாழ்நாள் தடை விதிக்கிற அதே செயல், பார்வையாளர்க்கு அங்கு சட்டப்படி திறந்திருக்கிறது. 2018 மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்தைத் தடுத்த 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. மிச்சிகனில் 2021 ஜனவரி முதல் கைப்பேசியிலேயே கட்டலாம். கிண்டிக்குப் போக வண்டி பிடிக்க வேண்டும். வீட்டில் காரணம் சொல்ல வேண்டும். சட்டைப்பையிலிருக்கும் புக்கிக்கு அந்தத் தடை ஏதுமில்லை. நம் நாட்டில் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றியது. ஆயினும் நம் வீடுகளில் பிள்ளைகள் கிரிக்கெட் பார்க்கும்போது கையில் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பெற்றோர் சற்று எட்டிப் பார்ப்பது நன்று. வெளியூரில் தனித்து வாழும் பிள்ளைகளிடம் அதட்டிக் கேட்பதைவிட, அந்தப் பெரியவரிடம் அவர் மருமகன் மனம் திறந்து எழுதினாரே, அப்படி எழுதத் தோன்றும்படி நடந்துகொள்வது அதைவிட நன்று.

பிஸ்டன்ஸ் அப்பருவத்தை 14 வெற்றி, 68 தோல்வியுடன் முடித்தது. எட்டுக்கோடிப் பயிற்சியாளரை 2024 ஜூனில் அனுப்பிவிட்டார்கள். புதிய பயிற்சியாளர் ஜே.பி. பிக்கர்ஸ்டாப் கீழ் அடுத்த பருவத்தில் அதே குழு 44 ஆட்டங்களில் வென்றது. 2025 ஏப்ரல் 21-ஆம் நாள், நியூயார்க் குழுவை அதன் அரங்கிலேயே 100-க்கு 94 என்று வென்று, 2008 முதல் இறுதிச்சுற்று ஆட்டங்களில் தொடர்ந்துவந்த பதினைந்து தோல்விகளுக்கு முடிவு கட்டியது.

அன்றிரவு மருமகன் தொலைபேசியில் கூப்பிட்டதாகப் பெரியவர் சொன்னார். இங்கே காலை நேரம்; பெரியவர் பால் வாங்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தாராம். குரல் கம்மிப்போகும் அளவுக்குக் கத்தியிருக்கிறான் என்று தெரிந்ததாம். பணம் கட்டியிருந்தானா என்று தாம் கேட்கவில்லை என்றார். நாமும் கேட்கவில்லை.