காட்டுப்பன்றியைச் சுட வரும் 'லைசென்ஸ்' ஷூட்டர்கள்: கேரளாவில் எப்படி நடக்கிறது? தமிழ்நாட்டு விதி என்ன சொல்கிறது?

2025 ஜூன் மாதம். கேரள மாநிலம் மலப்புரம் மாவட்டம் வழிக்கடவில், மீன் பிடிக்கப் போன பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் மின்சாரம் தாக்கி இறந்தார். காட்டுப்பன்றியைப் பிடிக்க யாரோ திருட்டுத்தனமாக இழுத்து வைத்திருந்த மின்கம்பிதான் காரணம்.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, வயலைச் சுற்றிச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி மூன்று யானைகள் ஒரே ராத்திரியில் செத்துக் கிடந்தன. பக்கத்திலேயே இரண்டு குட்டிகள் தவித்து நின்ற வீடியோவைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முன்பு 2020 மே மாதம், பாலக்காடு மாவட்டத்தில் வெடி வைத்த காயைக் கடித்து வாய் சிதைந்த கர்ப்பிணி யானை ஒன்று வெள்ளியாற்றில் நின்றபடியே உயிரை விட்டது. அந்த வெடியும் பன்றிக்காக வைத்ததுதான் என்று விசாரணையில் சொல்லப்பட்டது.

பன்றியை விரட்ட வேறு வழி தெரியாதவர்கள் கம்பியையும் வெடியையும் எடுக்கிறார்கள். பன்றிக்கு வைத்ததில் யார் வேண்டுமானாலும் சிக்கலாம். இந்த இடத்தில்தான் ஒரு கேள்வி வருகிறது. துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கும், குறி தவறாத, விதிக்குக் கட்டுப்பட்ட ஒருவரை விவசாயியே கூப்பிட்டுச் சுடச் சொன்னால் என்ன? கேரளா அதைச் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

பன்றி மட்டும் ஏன் இவ்வளவு பெரிய தலைவலி?

யானை வந்தால் ஊருக்கே தெரியும். பன்றி வருவது தெரியாது. ராத்திரி கூட்டமாக வந்து, மூக்கால் மண்ணைக் கிளறிக் கிழங்கைத் தின்றுவிட்டுப் போய்விடும். மரவள்ளி, சேனை, இஞ்சி, வாழைக்கன்று, நிலக்கடலை, மக்காச்சோளம், கதிர் பிடித்த நெல் என்று எதையும் விடாது. தின்பதைவிட மிதித்தும் உழுதும் பாழாக்குவது அதிகம்.

இன்னொரு விஷயம், பெருக்கம். பெண் பன்றிக்குச் சினைக்காலம் நான்கு மாதத்துக்கும் குறைவு. ஒரே ஈற்றில் நான்கு, ஐந்து, அதற்கு மேலும் குட்டி போடும். காட்டுக்குள் புலி, சிறுத்தை, செந்நாய் இருப்பதால் ஓரளவு கட்டுப்படும். ஊரோரத்து ரப்பர் தோட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. மத்திய கேரளாவில் ரப்பர் விலை சரிந்தபோது பல தோட்டங்களைச் சும்மா போட்டுவிட்டார்கள். உரிமையாளர் வெளிநாட்டில், தோட்டத்தில் ஆள் உயரத்துக்குப் புதர். பன்றிக்கு இதைவிட நல்ல வீடு எது? இன்று கேரளாவில் பயிரைத் தின்னும் பன்றிகளில் பல காட்டிலிருந்து வருவதே இல்லை, ஊருக்குள்ளேயே குடும்பம் நடத்துகின்றன.

சட்டப்படி சுடவே கூடாதா?

கூடும். ஆனால் அனுமதி வேண்டும். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. முன்பு மூன்றாவது அட்டவணையில் இருந்தது, 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இரண்டாவது அட்டவணை. அதே சட்டத்தின் 11-வது பிரிவு, மனித உயிருக்கோ பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்து என்றால், அதைக் கொல்ல மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்துப்பூர்வமாக, காரணம் சொல்லி அனுமதிக்கலாம் என்கிறது.

62-வது பிரிவு இன்னொரு கதவு. மத்திய அரசு ஒரு விலங்கைக் குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட காலத்துக்கு 'தொல்லை தரும் விலங்கு' என்று அறிவிக்கலாம். அப்படி அறிவித்துவிட்டால் அந்தப் பகுதியில் அதைக் கொல்ல யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கேரளா பல முறை இதைக் கேட்டது. மத்திய அரசு மறுத்துவிட்டது. 11-வது பிரிவில் உங்களுக்கே அதிகாரம் இருக்கிறதே என்பதுதான் டெல்லியின் பதில்.

மறுத்ததற்குப் பின்னால் ஒரு பழைய கதையும் உண்டு. 2015 டிசம்பரில் பீகாரின் சில மாவட்டங்களில் நீல்காய் மானையும் காட்டுப்பன்றியையும் இப்படி அறிவித்தார்கள். 2016 ஜூனில் மொகாமா பகுதியில், ஹைதராபாத்திலிருந்து வரவழைக்கப்பட்ட வேட்டைக்காரர்கள் சில நாட்களிலேயே 200-க்கும் மேற்பட்ட நீல்காய்களைச் சுட்டுத் தள்ளினார்கள். அப்போது மத்திய அமைச்சராக இருந்த மேனகா காந்தி, சக அமைச்சர் பிரகாஷ் ஜவடேகரின் துறையையே பகிரங்கமாகச் சாடினார். பயிர் நாசமானது உண்மை. ஆனால் அன்று டிவியில் பார்த்தவர்களுக்கு விவசாயியின் கஷ்டம் தெரியவில்லை, குவிந்து கிடந்த உடல்கள்தான் தெரிந்தன. வெளியூர் ஆட்கள் வந்து சுட்டுவிட்டுப் போனால் ஊருக்கு மிஞ்சுவது கெட்ட பெயர்தான்.

கேரளா பிடித்த வழி

கேரளா 11-வது பிரிவையே கையில் எடுத்தது. முதலில் வனத்துறை, துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தது. 2020 மே மாதம் பத்தனம்திட்டா மாவட்டம் கோன்னி பகுதியில் இந்த ஏற்பாட்டின்படி முதல் பன்றி சுடப்பட்டது. 2021 ஜூலையில் சில விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். அவர்களுடைய நிலத்துக்குள் வரும் பன்றியைக் கொல்ல அனுமதி கொடுக்கும்படி கேரள உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

பெரிய மாற்றம் 2022 மே மாதம் வந்தது. அனுமதி கொடுக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிகளிடமே கொடுத்துவிட்டார்கள். ஊராட்சித் தலைவர், நகராட்சித் தலைவர், மேயர் ஆகியோர் அவரவர் எல்லைக்குள் கௌரவ வன உயிரினக் காப்பாளர்கள். ஓராண்டுக்கு என்று சொல்லி ஆரம்பித்த இந்த உத்தரவு பிறகு நீட்டிக்கப்பட்டது.

அதாவது, ராத்திரி மரவள்ளித் தோட்டத்தில் பன்றி புகுந்தால் விவசாயி வன அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டாம். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவரிடம் சொன்னால் போதும். அவர் பட்டியலில் உள்ள ஷூட்டரைக் கூப்பிடுவார். சுட்டதும் வனத்துறைக்குத் தகவல் போகும். உடலைப் புதைத்து, பதிவேட்டில் எழுத வேண்டும். விஷம், வெடி, மின்சாரம் மூன்றுக்கும் தடை. காட்டுக்குள் போய்ச் சுடவும் கூடாது.

யாரை நம்பித் தோட்டத்துக்குள் விடுவது?

காகிதத்தில் எல்லாம் சரிதான். ஆனால் ராத்திரி நேரத்தில், தோட்டாவோடு ஒரு ஆள் உங்கள் நிலத்துக்குள் வருகிறார். வீட்டில் குழந்தைகள் தூங்குகிறார்கள், தொழுவத்தில் மாடு நிற்கிறது, விடியற்காலையில் பால் வெட்ட ரப்பர் தொழிலாளி வருவார். பன்றி என்று நினைத்து ஆளைச் சுட்ட சம்பவங்கள் கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் செய்தியாகியிருக்கின்றன. அப்படி இருக்க, நில உரிமையாளர் எதை வைத்து நம்புவார்?

நல்ல ஷூட்டரின் வேலை பகலிலேயே தொடங்கிவிடுகிறது. பன்றி எந்த வழியாக வருகிறது, தோட்டத்தில் வீடு எந்தப் பக்கம், பாதை எங்கே போகிறது, குண்டு தவறினால் எதில் போய் முட்டும் என்று பார்த்து வைப்பார். குறிக்குப் பின்னால் மண்மேடு இருந்தால் சுடலாம். சாலையோ வீடோ இருந்தால் பன்றி எதிரே நின்றாலும் சுடக் கூடாது. பக்கத்துத் தோட்டக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது 12 போர் துப்பாக்கி. நாற்பது, ஐம்பது மீட்டருக்குள் இருந்தால்தான் அதில் குறி ஒழுங்காக விழும். அதற்கு மேல் தூரத்தில் இருந்து சுட்டால் பன்றி சாகாது, காயத்தோடு ஓடும்.

காயம்பட்ட பன்றியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவரை யாரும் இரண்டாவது முறை கூப்பிடுவதில்லை. காரணம் சுலபம். அடிபட்ட பன்றி பக்கத்துப் புதரில்தான் படுத்திருக்கும், காலையில் புல் அறுக்கப் போகும் பெண்ணைத்தான் முதலில் முட்டும். அதனால் ரத்தத் தடம் பார்த்துத் தேடி முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சில குழுக்கள் இதற்காகவே பழக்கிய நாய்களோடு வருகின்றன. புதர் மண்டிய தோட்டங்களில் பகலிலேயே நாய்களை விட்டுப் பன்றியை வெளியே துரத்துவதும் உண்டு.

உள்ளூர்க்காரர் என்பதும் முக்கியம். நாளைக்கும் அதே டீக்கடையில் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் கை தானாகவே கட்டுப்படும். மொகாமாவுக்கும் கோன்னிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

இறைச்சி யாருக்கு?

யாருக்கும் இல்லை. சட்டப்படி கொல்லப்பட்ட வன விலங்கு அரசின் சொத்து. குழி தோண்டிப் புதைக்க வேண்டும், யாரும் தோண்டி எடுக்காமல் இருக்க மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைப்பதும் வழக்கம். இவ்வளவு கறியையும் மண்ணில் போடுவதா, சாப்பிட அனுமதித்தால் என்ன என்ற குரல் அங்கே அடிக்கடி கேட்கிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் படும். ஆனால் கறிக்கு விலை வைத்துவிட்டால், பயிரைத் தின்ற பன்றி எது, காட்டில் சும்மா மேய்ந்த பன்றி எது என்று அப்புறம் யார் பார்ப்பார்கள்? ஷூட்டருக்கு லாபம் எதுவும் கிடையாது என்பதால்தான் அவர் வேட்டைக்கு வரவில்லை, உதவிக்கு வருகிறார் என்று ஊர் நம்புகிறது.

அதே காரணத்தால் ஆள் கிடைப்பதும் கஷ்டம். பன்றிக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்ற அளவில்தான் ஊதியம். தோட்டா, பெட்ரோல், கூட வரும் ஆட்களின் செலவு, ராத்திரித் தூக்கம் எல்லாம் போனால் கையில் நிற்காது. எத்தனையோ ராத்திரி பன்றியே வராது, அதற்குக் காசும் கிடையாது. லைசென்ஸ் புதுப்பிப்பதற்கு அலைய வேண்டும். போதாக்குறைக்குத் தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். பன்றிக்கு நடத்தை விதி கிடையாதே! பல ஊராட்சிகளில் பட்டியல் இருக்கிறது, கூப்பிட்டால் வரும் ஆள் இல்லை. புதர் வெட்டாத தோட்ட உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்புவதோடு பல தலைவர்கள் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் என்ன விதி?

2025 ஜனவரியில் அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டப்பேரவையில் இதை அறிவித்தார். காப்புக்காட்டின் எல்லையிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டு மூன்று மண்டலம். முதல் ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை, பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறை சுடலாம். பன்றித் தொல்லை உண்மையா என்று பார்க்க விஏஓ, வனத்துறை ஊழியர், ஊராட்சித் தலைவர் அடங்கிய கிராமக் குழு.

கேரளாவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சட்டென்று தெரியும். அங்கே சுடுவது ஊர் நம்பும் லைசென்ஸ்காரர், இங்கே பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர் மட்டும். துப்பாக்கி தவறான கைக்குப் போகாது என்ற வகையில் இது பாதுகாப்பான ஏற்பாடுதான். ஆனால் வனத்துறையில் ஆள் எத்தனை, கிராமம் எத்தனை? ராத்திரி ஒரு மணிக்குப் போன் போட்டால் துப்பாக்கியோடு யார் வருவார்கள் என்பதுதான் விவசாயச் சங்கங்கள் கேட்கும் கேள்வி. பன்றியைப் பாதுகாக்கப்பட்ட பட்டியலிலிருந்தே எடுங்கள் என்பது அவர்களின் நீண்ட நாள் கோரிக்கை. அது மாநில அரசின் கையில் இல்லை.

அதிகம் அடிபடுவது முதல் ஒரு கிலோமீட்டரில் இருப்பவர்தான். காட்டை ஒட்டி நிலம் வைத்திருக்கும் அவருக்குத்தான் பன்றி தினமும் வரும், அவருக்குத்தான் இந்த விதியில் எதுவும் இல்லை. ஒரு கிலோமீட்டருக்குள் சுட்டால் குண்டு வேறு விலங்கின் மீது படும் என்ற வனத்துறையின் அச்சத்திலும் அர்த்தம் இருக்கிறது. அப்படியானால் அந்த விவசாயிக்கு வேலியும், தாமதமில்லாத இழப்பீடும் கிடைக்க வேண்டும். கிடைக்காத இடத்தில்தான் மறுபடியும் கம்பியில் மின்சாரம் பாய்கிறது, அவுட்டுக்காய் வைக்கப்படுகிறது.

பயிர் சேதமானால் என்ன செய்வது?

சேதத்தைச் செல்போனில் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். அன்றே வனச்சரக அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். விஏஓவுக்கும் ஒரு நகல். உங்கள் நிலம் காப்புக்காட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று வனவரிடம் கேட்டு எழுதி வாங்குவது நல்லது. அடுத்த முறை பன்றி வரும்போது சுடலாமா, பிடிக்கலாமா, இழப்பீடு மட்டும்தானா என்பது அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவாகும். மின்வேலி போட நினைத்தால், சூரிய ஒளியில் இயங்கும், விட்டு விட்டு ஷாக் கொடுக்கும் வேலியை அனுமதி வாங்கிப் போடலாம். வீட்டு லைனிலிருந்து நேராகக் கம்பிக்கு மின்சாரம் கொடுப்பது குற்றம். அதில் ஆளோ விலங்கோ செத்தால் நிலத்துக்காரர் சிறைக்குப் போக வேண்டியிருக்கும்.