புரோகிராம் மேல பழி போடாதீங்க பாஸ்!

நாளைக்கு புராஜெக்ட் ரிவ்யூ. போர்டில் இருக்கிற சென்சார் ஒரு தடவை ஒழுங்கா ரீடிங் தருது, அடுத்த தடவை ஊமையாகிடுது. நீங்க என்ன பண்ணுவீங்க? நான் பண்ணினதைத்தான் பண்ணுவீங்க. மூணு ராத்திரி புரோகிராமை மாத்தி மாத்தி எழுதினேன். "பேசாம வெளியில காசு கொடுத்து ரெடிமேட் புராஜெக்ட் வாங்கிடலாம்டா"ன்னு டீம்ல ஒருத்தன் பர்ஸையே எடுத்துட்டான்.

அப்போதான் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் கேட்டார்: "புரோகிராமையே பார்க்கிறியே, ஒயர்ல என்ன ஓடுதுன்னு பார்த்தியா தம்பி?"

சந்தேகம் வந்தா ஒரு பிரின்ட்எஃப் போடுறது நம்ம பழக்கம். ஆனா மைக்ரோகன்ட்ரோலரில், 9600 பாட் ரேட்டில் ஒரு எழுத்து வெளியே போகவே சுமார் 1 மில்லி செகண்ட் ஆகும். அந்தத் தாமதத்திலேயே சில பக் ஒளிஞ்சுக்கும். பிரின்ட்எஃப்பை எடுத்தா, மறுபடி வந்து நிக்கும்!

அதுக்குத்தான் இந்த மூணு நண்பர்கள்:

லாஜிக் அனலைசர்: பல ஒயர்களை ஒரே நேரத்தில் கவனிச்சு, எந்த பைட் போச்சு, பதில் வந்ததான்னு சொல்லும். ஆனா இதுக்குத் தெரிஞ்சது 0, 1 மட்டும்தான்.

ஆசிலோஸ்கோப்: வோல்டேஜ் எப்படி ஏறி இறங்குதுங்கிற நிஜ வடிவத்தைக் காட்டும்.

ஜே-டேக்: 1985-ல் ஆரம்பிச்ச 'ஜாயின்ட் டெஸ்ட் ஆக்‌ஷன் குரூப்'போட சுருக்கம். போர்டில் இணைப்புகளைச் சோதிக்க வந்தது, 1990-ல் ஐ.இ.இ.இ. 1149.1 என்ற தரமாச்சு. இன்னிக்கு இது வழியா ஓடுற பிராசஸரையே நிறுத்தி, ரெஜிஸ்டரில் என்ன இருக்குன்னு பார்க்கலாம். ஆர்ம் கார்டெக்ஸ் சிப்களில் இதே வேலைக்கு எஸ்.டபிள்யூ.டி. உண்டு. சிக்னலுக்கு 2 ஒயர் போதும்.

எங்க போர்டில் ஆசிலோஸ்கோப்பை வச்சோம். செங்குத்தா எழும்ப வேண்டிய அலை, சுறா துடுப்பு மாதிரி வளைஞ்சு மெதுவா ஏறுது! ஐ-ஸ்கொயர்-சி லைனை சிப்களால் கீழே இழுக்கத்தான் முடியும். மேலே தூக்குறது ரெசிஸ்டரோட வேலை. நாங்க சிப்புக்குள்ளே இருக்கிற வலுவில்லாத ரெசிஸ்டரை நம்பிட்டோம். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ரெண்டு வச்சு சால்டர் பண்ணினோம். மூணு நாளைக்கு முன்னாடி எழுதின பழைய புரோகிராமே ஜம்முனு ஓடுச்சு.

ரிவ்யூவில் சார் கேட்ட முதல் கேள்வி: "இந்த ரெண்டு ரெசிஸ்டர் எதுக்கு?" கதை முழுக்கச் சொன்னோம். வாங்கின புராஜெக்டா இருந்தா என்னத்தைச் சொல்லியிருப்போம், சொல்லுங்க?