செண்டுடுக் செடியை வெட்டாதீர்கள்

கத்தரிச் செடி பூத்துக் குலுங்குகிறது. காய் மட்டும் சரியாகப் பிடிக்கவில்லை. உரமும் போட்டாயிற்று, கண்ணேறும் கழித்தாயிற்று. காரணம் பல இருக்கலாம். தாய்மார்களே, வேலியோரத்துச் செண்டுடுக் செடியை வெட்டி எறிந்துவிட்டீர்களா என்பதையும் சற்று எண்ணிப் பாருங்கள்.

பால்மரக் காட்டு ஓரத்திலும் செம்பனை நிரைகளிலும் தானாக முளைக்கும் ஊதாப் பூச்செடி அது; இந்த மண்ணுக்கே உரியது. அதன் பழத்தைத் தின்றுவிட்டுப் பிள்ளைகள் கருநாக்கோடு வந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். 1753இல் லின்னேயஸ் அதன் இனத்துக்கு இட்ட 'மெலஸ்டோமா' என்ற பெயருக்கும் கரிய வாய் என்றுதான் பொருள்!

இப்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டுமே உண்டு. அதுவும் மிளகுத்தூள் டப்பாவில் இருப்பதுபோல், நுனியில் சிறு துளையுள்ள பைகளுக்குள் அடைபட்டிருக்கும். குலுக்கினால்தான் கொட்டும். பூவில் மஞ்சள் கேசரங்களும் நீண்டு வளைந்த ஊதாக் கேசரங்களும் உள்ளன. பெரிய கருவண்டு மஞ்சளைப் பற்றிக்கொண்டு 'ம்ம்ம்' என்று உடம்பை அதிர வைக்கும். மஞ்சள் அதற்குத் தீனி. ஊதாவிலிருந்து உதிர்வதோ அதன் உடம்பில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போய்ச் சேரும். வண்டு என்கிறோமே தவிர, அது தேனீயின் உறவுதான். கத்தரிப் பூவும் தக்காளிப் பூவும் இதேபோல் துளைப் பை கொண்டவை. செண்டுடுக்கை நாடி வரும் கருவண்டு அவற்றையும் குலுக்கிவிட்டுப் போகும். காற்றும் ஓரளவு இவ்வேலையைச் செய்யும். ஆனால் வண்டு வந்தால் காய் கூடும்.

வளர்ப்பது எளிது. பழுத்து வெடித்த பழத்தைப் பிசைந்து, ஈர மணல்மேல் தூவுங்கள். விதை தூசு போன்றது, மூட வேண்டாம். புளித்த மண்ணே அதற்குப் போதும், உரம் தேவையில்லை. மரநிழலிலும் பிழைத்துக்கொள்ளும், ஆனால் அடர்ந்த இருட்டில் பூ குறையும். காலை வெயில் எட்டும் மூலையைக் கொடுங்கள். பழம் தின்னும் குருவிகள் விதையை எங்கும் பரப்பிவிடும். ஆகவே வேண்டாத கன்றுகளை அவ்வப்போது பிடுங்கிவிடுங்கள், தோட்டத்து நிரையில் மட்டும் நட்டுவிடாதீர்கள், மருந்தடிப்பில் போய்விடும்.

கத்தரிக்குப் பூச்சிமருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால் பொழுது சாய்ந்தபின் அடியுங்கள். காலையில்தான் வண்டு வரும். அதைக் கையில் பிடிக்கப் பிள்ளைகளை விடாதீர்கள், பெண் வண்டு கொட்டும். கொல்லையில் பட்ட மரக்கட்டை ஒன்று கிடந்தால் விறகாக்காமல் விட்டுவையுங்கள். கருவண்டு அதைத் துளைத்துக் குடியிருக்கும். இல்லாவிட்டால் உங்கள் வீட்டு உத்தரத்தைத் தேடி வந்துவிடும்!