செவ்வாய்க்கிழமைப் பட்டியல்

"அந்தக் காலத்துப் பாட்டைப் போல வருமா?" என்னும் பெருமூச்சு எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலும். திருமண வீட்டு ஒலிபெருக்கி முழங்கத் தொடங்கியதும் நம் பங்குப் பெரியவர்கள் இதைச் சொல்லக் கேட்கிறோம். இங்கிலாந்தில் இன்று ஐம்பதும் அறுபதும் கடந்தவர்கள் 1980-களின் தொடக்க ஆண்டுகளைக் குறித்து இதையே சொல்லுகிறார்கள். ஆனால் அவர்களிடம் நம்மிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. அவ்வாண்டுகளில் வாரந்தோறும் எந்தப் பாட்டு எத்தனையாம் இடத்தில் விற்றது என்னும் பட்டியல் அழியாமல் காக்கப்பட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். பார்ப்பவர்கள் பலர் திடுக்கிடுகிறார்கள். நினைவு ஒன்றைச் சொல்ல, பட்டியல் வேறொன்றைச் சொல்லுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள இந்த வழக்கைக் குறித்தே இத்திங்கள் வாசகர்களோடு சிறிது உரையாட விழைகிறோம்.

முதலில் பட்டியல் எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிதல் வேண்டும். அந்நாளில் ஒரு பாட்டை விரும்பியவர் கடைக்குச் சென்று, பக்கத்துக்கு ஒரு பாட்டாக நிமிடத்துக்கு 45 முறை சுழலும் ஏழங்குல இசைத்தட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். நாடெங்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட சில நூறு கடைகளில் ஒரு குறிப்பேடு வைக்கப்பட்டிருந்தது. தட்டு ஒன்று விற்றதும் அதன் எண்ணை விற்பனையாளர் அவ்வேட்டில் எழுதுவார். சனிக்கிழமை கடை அடைத்ததும் ஏடுகள் அஞ்சலில் சேர்க்கப்படும். 1969 முதல் 1982 முடிய இவற்றைத் தொகுத்து எண்ணும் பொறுப்பைப் பிரிட்டிஷ் சந்தை ஆய்வு நிறுவனம் ஒன்று ஏற்றிருந்தது. செவ்வாய்க்கிழமை நண்பகலில் பி.பி.சி.யின் முதலாம் வானொலி புதிய வரிசையை அறிவிக்கும். வியாழன் மாலை தொலைக்காட்சியில் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சி அவ்வரிசையை ஒட்டியே பாடகர்களைக் காட்டும். ஞாயிறு மாலை வானொலி நாற்பதாம் இடத்திலிருந்து முதலிடம் வரை ஒவ்வொரு பாட்டாக ஒலிபரப்பும். நம் வாசகர்களில் மூத்தவர்கள் இலங்கை வானொலியில் புதன் இரவுகளில் அமீன் சயானி அவர்கள் இந்திப் பாடல்களை வரிசைப்படுத்திய பினாக்கா கீத்மாலாவை இங்கு நினைவு கூரலாம். எதிர்பார்ப்பின் சுவை இரண்டிலும் ஒன்றே.

அந்த ஞாயிறு மாலைகளில் எத்தனையோ இல்லங்களில் சிறுவர் சிறுமியர் ஒலிநாடாக் கருவியின் விசையில் விரல் வைத்துக் காத்திருப்பார்கள். அறிவிப்பாளரின் பேச்சு முடிந்து பாட்டுத் தொடங்கும் நொடியில் அழுத்த வேண்டும்; அவர் மீண்டும் வாய் திறக்கும் முன் நிறுத்த வேண்டும். இசைத்தட்டு ஒன்றின் விலை ஒரு பவுனுக்குச் சற்று மேல். கைச்செலவுக்குப் பெற்றோர் தரும் சில்லறையில் எல்லாவற்றையும் வாங்க இயலுமோ? இப்பழக்கம் இசையையே கொன்றுவிடும் என்று இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் 1981-இல் பெரியதொரு பிரசாரமே நடத்திற்று. இசை சாகவில்லை. ஆயினும் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வீட்டில் பதிவு செய்துகொண்ட பிள்ளையின் விருப்பம் அந்தக் குறிப்பேட்டில் ஏறவே இல்லை. பட்டியல் எண்ணியது விருப்பத்தை அன்று, விற்பனையை மட்டுமே. இது சிறிய வேற்றுமை அன்று.

இனி, திடுக்கிடுதலுக்கு வருவோம். 1980 டிசம்பர் 8 அன்று நியூயார்க் நகரில் ஜான் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய புதிய தட்டு 'ஸ்டார்ட்டிங் ஓவர்' அதற்குள் எட்டாம் இடம் வரை ஏறி, 21-ஆம் இடத்துக்கு இறங்கிவிட்டிருந்தது. இறப்புச் செய்தி வந்ததும் ஒரே தாவலில் முதலிடம் சென்றது. உலகமே துயருற்ற அந்த டிசம்பரில் கிறிஸ்து பிறப்பு வாரத்துக்குரிய முதலிடத்தில் யார் இருந்தார் என்று கேட்டால், பலரும் தயங்காமல் லெனன் என்பார்கள். பட்டியல் அப்படிச் சொல்லவில்லை. அவ்விடத்தில் இருந்தது மான்செஸ்டரை அடுத்த ஸ்டாக்போர்ட் நகரத்துக் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியான புனித வினிஃபிரெட் பள்ளியின் சிறுமியர் பாடற்குழு! பாட்டியின் அன்பைப் போற்றும் எளிய பாட்டு அது. முன்பல் விழுந்த குழந்தைகள் பாடுவதில் இலக்கிய நயம் தேடுவார் இல்லை. இசை வல்லுநர்கள் அன்றும் நகைத்தார்கள். இன்றும், மோசமான பாட்டுகளைத் தொகுப்போர் இதை மறவாமல் சேர்க்கிறார்கள். ஆனால் அந்த இரு வாரங்களில் கடைகளில் மிகுதியாக விற்றது அதுவே. வாங்கியவர்களுள் பெரும்பாலோர் அதைத் தமக்காக வாங்கியிருக்க மாட்டார்கள் என்று எண்ணுகிறோம். பாட்டிக்கு என்ன பரிசளிப்பது என்று திகைத்த குடும்பங்களுக்கு அத்தட்டு விடையாக வந்தது. புத்தாண்டு பிறந்து சில நாட்களில் லெனனின் பழைய பாட்டாகிய 'இமேஜின்' முதலிடம் ஏறி நான்கு வாரம் அங்கேயே நின்றது. சமயமற்ற உலகைக் கனவு காணும் பாட்டு, கத்தோலிக்கப் பள்ளிக் குழந்தைகளை இறக்கிவிட்டு அமர்ந்தது என்பது பட்டியலின் குறும்புகளுள் ஒன்று.

குறும்பு அத்தோடு நிற்கவில்லை. 1981 பிப்ரவரியில் அல்ட்ராவாக்ஸ் குழுவினர் பாடிய 'வியன்னா' இரண்டாம் இடத்துக்கு வந்தது. அவ்வாண்டுகளின் சிறந்த பாட்டுகளுள் ஒன்று என்று பலராலும் போற்றப்படுவது அது. நான்கு வாரம் இரண்டாம் இடத்திலேயே நின்று, முதலிடத்தைக் காணாமல் இறங்கிற்று. முதல் வாரம் அதனை மறித்தது லெனனின் 'வுமன்'. அதில் வியப்பில்லை. அடுத்த மூன்று வாரமும் மறித்தது, ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஜோ டோல்ஸ் என்பவர் இத்தாலியக் குடியேறியின் கொச்சை ஆங்கிலத்தில் பாடிய ஒரு வேடிக்கைப் பாட்டு. இந்த அநீதியை அந்த நாட்டு இரசிகர்கள் முப்பது ஆண்டுகள் மறக்கவில்லை. இறுதியில் பி.பி.சி.யின் இரண்டாம் வானொலியும் பட்டியல் நிறுவனமும் சேர்ந்து, இரண்டாம் இடத்தோடு நின்றுபோன பாட்டுகளில் சிறந்தது எது என்று நேயர்களிடம் வாக்கெடுத்து, 'வியன்னா'வுக்குச் சிறப்பு முதலிடம் வழங்கின. நல்ல எண்ணம்தான். ஆனால் 1981-இல் கடைக்குச் சென்று வேடிக்கைப் பாட்டை வாங்கிய அந்த ஆயிரக்கணக்கானோர் எங்கே போனார்கள்? வாக்களித்தவர்களுக்குள்ளேயே சிலர் இருந்திருப்பார்கள் என்பது நம் ஐயம்.

இவ்வாறு சொல்வதால், பட்டியல் மக்களின் அற்பச் சுவையை மட்டும் காட்டிற்று என்று எவரும் எண்ணற்க. அதே 1981-ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குக் கொடிய ஆண்டு. தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அடுத்த ஜனவரியில் வேலையற்றோர் தொகை முப்பது இலட்சத்தைக் கடந்தது. ஏப்ரலில் இலண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியிலும், ஜூலையில் லிவர்பூலின் டாக்ஸ்டெத் பகுதியிலும், தொடர்ந்து நகரம் நகரமாகவும் கலவரம் மூண்டது. கார்த் தொழில் நொடித்துப்போன கவன்ட்ரி நகரத்து இளைஞர்களின் 'ஸ்பெஷல்ஸ்' என்னும் குழு வெள்ளையரும் கருப்பரும் கலந்தது. அவர்கள் பாழடைந்த நகரத்தைப் பற்றிப் பாடிய 'கோஸ்ட் டவுன்', கடைகள் எரிந்துகொண்டிருந்த அதே ஜூலையில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. நாட்டின் உள்ளக் குமுறலும் பட்டியலின் முதலிடமும் இத்துணை நெருங்கிப் பொருந்திய வேளை அரிது. அப்பாட்டு இறங்கியதும் அங்கே ஏறியது எது? ஷேக்கின் ஸ்டீவன்ஸ் என்பவர் துள்ளலோடு பாடிய, 1956-இல் முதலில் வெளிவந்த பழைய பாட்டு ஒன்று. இளவரசர் சார்லசின் திருமணம் ஜூலை 29 அன்று நடந்தது அந்த வாரத்தில்தான். குமுறியவர்களும் கொண்டாடியவர்களும் ஒரே நாட்டவர். சிலர் ஒரே வீட்டவராகவும் இருந்திருக்கலாம்.

இப்படிப்பட்ட சான்று ஏட்டில் கள்ளக் கணக்கு எழுதாமல் விடுவார்களா? விடவில்லை. எந்தெந்தக் கடைகளில் குறிப்பேடு இருக்கிறது என்பது மறைபொருளாய் இருக்க வேண்டியது. ஆனால் இசைத்தட்டு நிறுவனங்களின் முகவர்கள் அதை அறிந்திருந்தார்கள். கடைச் சிப்பந்திகளுக்கு இலவசத் தட்டுகளும் சட்டைகளும் தந்து, விற்காத தட்டை விற்றதாக எழுதச் செய்தனர். ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி அக்கடைகளிலேயே வாங்கச் செய்ததும் உண்டு. 1980-இல் தொலைக்காட்சிச் செய்தி ஆய்வு நிகழ்ச்சி ஒன்று இம்மோசடியை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. ஏன் இவ்வளவு பாடு? நாற்பதுக்குள் நுழைந்தால் ஞாயிறு வானொலியில் இடம். வானொலியில் இடம் கிடைத்தால் மெய்யாகவே விற்பனை பெருகும். முதற்படியில் பொய் சொன்னால் இரண்டாம் படியில் அது உண்மையாகிவிடும். இதுதான் இம்மோசடியின் நயவஞ்சகம். பிற்பாடு கணக்கைத் திருத்தவும் வழியில்லை. பொய்யால் ஏறிய பாட்டை மெய்யாக விரும்பியவர்களும் இருப்பார்கள் அன்றோ?

1983 ஜனவரி முதல் இப்பொறுப்பு காலப் நிறுவனத்துக்கு மாறிற்று. குறிப்பேட்டுக்குப் பதில் கடைகளில் சிறு மின்னணுக் கருவிகள் வந்தன; விற்ற தட்டின் எண்ணை அதில் அழுத்தினால், கணக்குத் தொலைபேசிக் கம்பி வழியே தலைமையகத்துக்குச் சென்றது. கள்ளம் முற்றும் ஒழிந்ததென்று சொல்ல இயலாது, எனினும் கடினமாயிற்று. எண்ணுபவரின் நேர்மைக்கு அடுத்த ஆண்டே ஒரு சோதனை வந்தது. லிவர்பூல் குழு ஒன்றின் 'ரிலாக்ஸ்' என்னும் பாட்டின் சொற்கள் ஆபாசமானவை என்று கண்ட பி.பி.சி., 1984 ஜனவரியில் அதைத் தடை செய்தது. அப்போது ஏறிக்கொண்டிருந்த அப்பாட்டு, தடைக்குப் பின் முதலிடத்தையே எட்டி ஐந்து வாரம் நின்றது. வானொலி தன் பட்டியலின் முதற்பாட்டையே ஒலிபரப்ப இயலாத நிலை! பிள்ளைகளின் செவிக்கு ஆகாததைத் தடுக்க எண்ணியதைக் குறை கூற மாட்டோம். தடுத்த விதம் விளம்பரமாய் முடிந்தது என்பதையும் மறுக்க மாட்டோம். நம் மனத்தில் நிற்பது வேறு: ஒலிபரப்ப விரும்பாத நிறுவனமும், அப்பாட்டு முதலிடத்தில் இருக்கிறது என்று அறிவிக்கத் தவறவில்லை.

அமெரிக்கர்களின் 'பில்போர்டு' பட்டியல் இவ்வகையில் வேறு சாதி. 1958 முதல் வரும் அதன் நூறு பாட்டு வரிசை, கடை விற்பனையோடு வானொலி ஒலிபரப்பையும் சேர்த்துக் கணக்கிட்டது. அதுவும் உண்மையில் எண்ணிக்கை அன்று. கடைக்காரரும் வானொலி நிலையத்தாரும், தம்மிடம் எது முந்துகிறது என்று சொன்ன சொல்லே ஆதாரம். 1991 இறுதியில்தான் அங்கே கணிப்பொறிக் கணக்கு நடைமுறைக்கு வந்தது. ஆதலால் 1980-களின் அமெரிக்க வரிசையைச் சற்று உப்புக் குறைத்தே உண்ண வேண்டும்.

1984 டிசம்பருக்கு வருவோம். அக்டோபரில் எத்தியோப்பியப் பஞ்சத்தின் காட்சிகள் பி.பி.சி. தொலைக்காட்சியில் வந்தன. பாப் கெல்டாஃப், மிட்ஜ் யூர் ஆகிய இருவரும் ஒரு பாட்டு எழுதி, புகழ்பெற்ற பாடகர்களை நவம்பர் 25 அன்று இலண்டன் ஒலிப்பதிவுக் கூடத்தில் திரட்டி ஒரே நாளில் பாடச் செய்தார்கள். 'வியன்னா'வைப் பாடியவர் இந்த மிட்ஜ் யூர்தான்; மூன்றாண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்ட முதலிடம் இப்போது பசித்தோர் பொருட்டு அவரை வந்தடைந்தது. அத்தட்டு ஐந்து வாரம் முதலிடத்தில் நின்று, முப்பது இலட்சத்துக்கு மேல் விற்றது. 1997 வரை அந்நாட்டில் அதை மிஞ்சி விற்ற தட்டு வேறில்லை. ஒருவரே பல தட்டுகளை வாங்கியதும் நடந்தது. ஒன்று கேட்பதற்கு; ஏனையவை கொடுப்பதற்கு. விற்பனை வரியை விட்டுக்கொடுக்க முதலில் மறுத்த அரசும், பின்னர் அத்தொகைக்கு ஈடான பணத்தை நிவாரணத்துக்கு அளித்தது. அது சிறந்த பாட்டா என்றால், எழுதியவர்களே அப்படிச் சொல்ல மாட்டார்கள். பாட்டியின் தட்டைப் போலவே இதையும் மக்கள் செவிக்காக வாங்கவில்லை. பட்டியலில் இரண்டும் 'முதலிடம்' என்றே நிற்கின்றன. காரணத்தை எழுத அந்த ஏட்டில் பத்தி இல்லை. ஞாயிறு திருப்பலியில் தலைகளை எண்ணிப் பார்க்கும் நமக்கு இது புதிய செய்தியும் அன்று.

அந்த டிசம்பரில் இரண்டாம் இடத்தில் நின்றது வாம் என்னும் இருவர் குழுவின் 'லாஸ்ட் கிறிஸ்மஸ்'. தம் வருமானத்தையும் பஞ்ச நிவாரணத்துக்கே அளித்து ஒதுங்கிக்கொண்டார்கள். 2014 ஜூலை முதல் பிரிட்டிஷ் பட்டியலில் கணக்கு முறை மாறிற்று. விலைக்கு வாங்குவதோடு, இணையத்தில் ஒரு பாட்டை எத்தனை முறை கேட்கிறார்கள் என்பதும் சேர்க்கப்பட்டது. பழைய ஏட்டுக்கு ஒரு தட்டை வாங்கிய அன்று மட்டுமே கணக்கு. அதன்பின் அதைத் தேயத் தேயக் கேட்டாலும், அலமாரியில் தூசு படிய விட்டாலும் ஒன்றே. இப்போதோ ஒவ்வொரு முறை கேட்பதும் ஒரு வாக்கு. ஆகவே ஆண்டுதோறும் டிசம்பரில் அப்பழம்பாட்டு மீண்டும் மீண்டும் ஏறி, 2021 ஜனவரி 1 அன்று முதன்முறையாக முதலிடம் அடைந்தது. வெளிவந்து முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதை எழுதிப் பாடிய ஜார்ஜ் மைக்கேல் 2016-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்றே இறந்துபோயிருந்தார்.